அக்கா வீட்டு ஆக்ஸலாட்டல்கள்

கோலா கெத்திலில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் தாமான் குடியிருப்பில் ஆறு வரிசை வீடுகள். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய சாக்கடை, அதைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். அந்தக் கடைசி வரிசையின் மூலை வீடுதான் அக்காவுடையது. அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. கூலிம் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் ஒரே லைன். பச்சை நிறச் சின்ன மின்சுற்றுப் பலகைகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, ஈயம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிவிடுகிற வேலை. விடியும் முன்னே கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் தூங்கி வழிந்துகொண்டு போவோம். மாலை நாலு மணிக்கு ஒன்றாக இறங்குவோம்.

இது நடந்தபோது நான் அந்தத் தாமானுக்குக் குடிவந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. என் கணவர் ஜொகூருக்கு லோரி ஓட்டுகிறார், சனி ஞாயிறில்தான் வீடு. மகள் ஈப்போவில் தங்கிப் படிக்கிறாள். வாரம் முழுக்கப் பேச்சுத் துணைக்கு எனக்கு அக்காதான். அவருக்கு ஒரே மகன். சிங்கப்பூரில் வேலை செய்கிறான் என்று சொல்லியிருந்தார். நான் அவனைப் பார்த்ததில்லை. தீபாவளிக்குக் கூட அவன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றார்.

போன வருடம் பள்ளி விடுமுறைச் சமயத்தில் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றுலா கிளம்பினார்கள். பதினான்கு நாள். புறப்படுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, பஸ்ஸில், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு ஒரு ஒதவி செய்யணும். வீட்டுல மூணு பிராணி இருக்கு. நாங்க வர்ற வரைக்கும் பாத்துக்கணும்.”

“பூனையாக்கா?”

“பூனை இல்ல லா. தண்ணியில இருக்கிறது. ஆக்ஸலாட்டல்னு சொல்வாங்க. மீனு மாதிரி, ஆனா கால் இருக்கும். மகன் ஆசப்பட்டு வாங்குனது.”

சரி என்றேன். என்ன கஷ்டம், ரெண்டு உருண்டை தீனி போட்டுவிட்டு வரப்போகிறோம். ஆனால் அக்கா கையை விடவில்லை.

“தீனி ரெண்டு நாளைக்கு ஒரு தடவ போட்டா போதும். ஆனா நீ தெனமும் வரணும். ஒரு நாள் கூட விட்றாத. கதவத் தொறந்ததும் ‘வந்துட்டேன்’னு சத்தமா சொல்லு. கெளம்புறப்ப ‘போயிட்டு வர்றேன்’னு சொல்லு. மனுசக் கொரல் அதுங்க காதுல விழுந்துகிட்டே இருக்கணும்.”

தண்ணீரில் இருப்பதற்குக் குரல் கொடுக்க வேண்டுமா என்று சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“இன்னொன்னு. மாடிக்குப் போகாத. கரையான் மருந்து அடிச்சிருக்கு. கீழ மட்டும் பாத்துட்டு வந்துரு.”

முதல் நாள் வேலை முடிந்து நேராக அங்கேதான் போனேன். வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து, வெட்கமாக இருந்தாலும், “வந்துட்டேன்” என்றேன். யாரும் இல்லாத வீட்டில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

தொட்டி இருந்தது படிக்கட்டுக்கு அடியில், சுவரை ஒட்டி. இதற்கு முன் வந்தபோதெல்லாம் அங்கே ஒரு திரை தொங்கும், பின்னால் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின் ஒன்று விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் கை வைத்தேன். ஐஸ் போத்தலைத் தொட்டது போல இருந்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு குழாய்த் துண்டுக்குள் இருந்து வெள்ளையாக ஒன்று வெளியே வந்தது. ஒரு சாண் நீளம். சதை, உள்ளே விளக்கு வைத்த மாதிரி, லேசாக ஊடுருவித் தெரிந்தது. தலையின் இரண்டு பக்கமும் மூன்று மூன்றாகச் சிவந்த இறகுகள். நாலு கால்கள், அவற்றில் விரல்கள். மனிதக் குழந்தையின் விரல்கள் போலவே இருந்தன. அது கண்ணாடி வரை நடந்து வந்து நின்றது. வாய், எப்போதும் சிரிப்பது போன்ற அமைப்பு. கண்ணுக்கு இமை இல்லை. நான் எவ்வளவு நேரம் பார்த்தேனோ அவ்வளவு நேரமும் அதுவும் பார்த்தது.

மற்ற இரண்டில் ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள். கறுப்பில் முன்னங்கால் ஒன்று பாதிதான் இருந்தது. அந்த முனையில் மொட்டு மாதிரி மூன்று சின்ன விரல்கள் முளைத்துக்கொண்டிருந்தன.

என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தொட்டி மேல் ஒட்டியிருந்தது. தண்ணீரின் சூடு பதினெட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. புழுவை இடுக்கியால் பிடித்து வாய்க்கு முன்னால் ஆட்ட வேண்டும். கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றக் கூடாது, பின்கட்டில் வாளியில் பிடித்து வைத்ததைத்தான் ஊற்ற வேண்டும். கையால் தொடவே கூடாது. அச்சடித்தது போன்ற சின்னச் சின்ன எழுத்து. அக்காவின் கையெழுத்து எனக்குத் தெரியும், கோழி கிளறியது மாதிரி இருக்கும். அக்காவின் வீட்டுக்காரர் எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. போவேன், சூடு பார்ப்பேன், கழிவை எடுப்பேன், கதவைப் பூட்டுவேன். நாலாம் நாள்தான் அதைக் கவனித்தேன். தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தேன். மூன்றும் மூன்று மூலையில் இருந்தன. திடீரென்று ஒன்றாகத் தலையைத் திருப்பின. என் பக்கம் இல்லை. படிக்கட்டுச் சுவர்ப் பக்கம். அப்படியே அசையாமல் நின்றன. நானும் காதைத் தீட்டினேன். மெஷினின் உறுமலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எதுவுமே நடக்காதது போல மூன்றும் கலைந்து போயின.

மறுநாள் போனபோது தொட்டிக்குள் கழிவே இல்லை. முந்தின நாள்தான் தீனி போட்டிருந்தேன், கண்டிப்பாக இருக்க வேண்டும். தண்ணீர் ஒரு விரல் அளவு கூடியிருந்தது. சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். பின்கட்டு வாளியில் தண்ணீர் குறைந்திருந்தது. கழுவும் தொட்டியில் ஈரம். பாத்திரக் கூடையில் ஒரு கரண்டி கவிழ்ந்திருந்தது, அதன் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா கிளம்பிப் போனதிலிருந்து நான் அந்த வீட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

கதவைப் பூட்டினேனா இல்லையா என்று நினைவில்லாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் தாமான் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். கடைசி வரிசை நிற்கிற இடத்தில்தான் தோட்டத்துச் சுடுகாடு இருந்தது என்று பஸ்ஸில் ஒருத்தி எப்போதோ சொன்னதெல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. கணவருக்குப் போன் போட்டேன்.

“திருடனா இருந்தா டிவியத் தூக்கிட்டுப் போயிருப்பான். கரண்டி கழுவி வச்சிட்டா போவான்?” என்றார். கொஞ்சம் யோசித்து, “எதுக்கும் மாடி ஏறாத” என்றார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். வீட்டுக்குள் யாரோ வந்து போகிற மாதிரி இருக்கிறது, போலீசில் சொல்லட்டுமா என்று கேட்டேன். அக்கா வழக்கமாக ஒரு பதிலுக்கு அரை நாள் எடுத்துக்கொள்வார். அன்று உடனே வந்தது. “போலீஸ் வேணாம். யாரும் இல்ல. பயப்படாத. ஆனா போறத நிறுத்திடாதம்மா. உன் கால்ல விழுந்து கேக்குறேன்.”

மூன்று பிராணிகளுக்காக ஒரு பெரிய மனுஷி காலில் விழுவாரா? அந்தக் கேள்வி என்னைக் கரண்டியை விட அதிகமாகப் பயமுறுத்தியது. இருந்தாலும் போனேன். ஒப்புக்கொண்ட வேலை. கேட்டைத் திறந்து போட்டுவிட்டு, வாசல் கதவில் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமல் உள்ளே போவேன். “வந்துட்டேன்” என்பேன். யாருக்குச் சொல்கிறேன் என்று தெரியாமல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். மாடிப்படியில் எட்டுப் படி வரை வெளிச்சம் விழும். அதற்கு மேல் திரும்புகிற இடம் இருட்டு. அந்தப் பக்கம் பார்க்காமலே வேலையை முடிப்பேன். மூன்றும் மட்டும் அடிக்கடி அந்தச் சுவரைப் பார்க்கும்.

எட்டாம் நாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வானம் கறுத்திருந்தது. நான் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது இடி இறங்கி, தாமான் முழுக்கக் கரண்டு போய்விட்டது. மெஷின் ஒரு இழுப்பு இழுத்து நின்றது. எட்டு நாளாக அந்த வீட்டில் நிற்காமல் ஓடிய சத்தம். அது நின்றதும் வீடு காதை அடைத்தது.

போனில் விளக்கைப் போட்டுக்கொண்டு தொட்டிக்குப் போனேன். சூடு பார்க்கும் பாட்டரிக் கருவி இருபத்து மூன்று காட்டியது. அந்த மெஷின் காலையிலிருந்தே சரியாக ஓடவில்லை போல. வெள்ளை, தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒருக்களித்து மிதந்துகொண்டிருந்தது. தலையின் சிவந்த இறகுகள் வெளுத்து முன்பக்கமாகச் சுருண்டிருந்தன. ஒரு இறகின் மேல் பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருவியில் எண் இருபத்து நாலாகியது.

அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கோயிலுக்குள் இருந்திருப்பார்கள், போனை வெளியே வாங்கி வைத்திருப்பார்கள். கையைத் தொட்டிக்குள் விடப் போனேன், பிறகு தொடக்கூடாது என்பது ஞாபகம் வந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

“ஐயோ, செத்துரும் போலிருக்கே. நான் என்ன செய்வேன்?” என்று வாய் விட்டுச் சொன்னேன்.

“ஃபிரிட்ஜுக்குள்ள வைங்க.”

மாடியிலிருந்து வந்தது. ஆண் குரல். உரக்கக் கூடப் பேசவில்லை. அடுத்த அறையில் இருந்து உப்பை எடுத்துத் தரச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

என் உடம்பில் ஒரு உறுப்பும் வேலை செய்யவில்லை. ஓட வேண்டும் என்று தெரிகிறது, கால் வரவில்லை.  

“மூடி போட்ட டப்பா தொட்டிக்குக் கீழ இருக்கு. பின்னால வாளித் தண்ணி ஊத்துங்க. வலையில புடிச்சு வைங்க, கையில வேணாம். நம்ம கை சூடு அதுக்கு நெருப்பு மாதிரி.” கொஞ்சம் நின்று, “கரண்டு இல்லாட்டியும் ஃபிரிட்ஜ் உள்ள சில்லுன்னுதான் இருக்கும். சீக்கிரம், ஆன்ட்டி” என்றது குரல். பிறகு இருமியது.

அந்த இருமல்தான் என்னைக் காப்பாற்றியது. செத்தவர்களுக்குச் சளி பிடிக்காது என்று ஏதோ ஒரு மூலையில் என் புத்தி சொல்லிற்று. சொன்னபடியே செய்தேன். வலையில் அது கனக்கவே இல்லை, ஈரத் துணியைத் தூக்குவது மாதிரி இருந்தது. டப்பாவைத் தயிருக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் வைத்து ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினேன். அதன் கண் மூடவில்லை.

“வச்சிட்டேன்” என்றேன். என் குரல் அழுகையாக வந்தது.

“மத்த ரெண்டுத்துக்கும் ஃபிரீசர்ல தண்ணிப் போத்தல் இருக்கு. தொட்டியில மெதக்க விடுங்க.”

விட்டேன். பிறகு வெளியே ஓடி, கொட்டுகிற மழையில் கேட்டுக்கு அருகில் நின்றேன். குடை உள்ளேயே கிடந்தது. மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தேன். திரை இழுத்து மூடியிருந்தது, அதன் ஓரம் கூட அசையவில்லை.

மறுநாள் வேலையில் நான் எத்தனை பலகைகளைச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. நாலு மணிக்கு இறங்கியதும் நேராகப் போனேன். கரண்டு வந்துவிட்டிருந்தது, மெஷின் ஓடியது. ஹாலில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கும், பள்ளிச் சீருடையில் ஒரு பையன் கோப்பை ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பான். ஒன்றரை வருடமாகக் கண்ணில் பட்டும் சரியாகப் பார்க்காத அந்தப் படத்தை அன்று நின்று பார்த்தேன். பிறகு படிக்கட்டின் கீழே நின்றேன்.

“வந்துட்டேன்” என்றேன்.  “நீ இந்த வீட்டுப் பிள்ளையா?”

மெஷினின் உறுமல் கொஞ்சம் தணிகிற சமயம் ஒன்று உண்டு. அந்த அமைதியில் பதில் வந்தது.

“ஆமா.”

“சிங்கப்பூர்லேர்ந்து எப்ப வந்த?”

“நான் போகவே இல்ல ஆன்ட்டி.”

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு முதுகு சில்லிட்டது, ஆள் உயிரோடுதான் இருக்கிறான் என்று தெரிந்த பிறகும். ஒன்றரை வருடமாக இந்த வீட்டுக்கு எத்தனை முறை வந்திருக்கிறேன். ஹாலில் உட்கார்ந்து கோப்பி குடித்திருக்கிறேன், அக்காவோடு சேர்ந்து முறுக்குச் சுட்டிருக்கிறேன், மாமியாரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அத்தனை நேரமும் தலைக்கு மேல் ஒருத்தன் மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். அக்கா என் எதிரே உட்கார்ந்து, அவன் அங்கே நல்லா சம்பாதிக்கிறான், இளைத்துப் போய்விட்டான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு ஐந்து நாள். நாங்கள் பேசியது அதிகம் இல்லை. நான் படிக்கட்டுக்குக் கீழே தொட்டியிடம் குந்தியிருப்பேன், அவன் கதவுக்கு உள்ளேயிருந்து பேசுவான். கதவைத் திறந்ததே இல்லை. வெள்ளையைப் பற்றித்தான் பேசுவோம். கெதாப்பாங் என்கிற நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலையைக் கழுவித் தண்ணீரில் போட்டால் அந்தப் பஞ்சு போய்விடும் என்றான். தமிழ்ப்பள்ளித் திடலின் ஓரத்தில் ஒரு கெதாப்பாங் மரம் இருக்கிறது, அங்கே போய்ச் சருகு பொறுக்கிக்கொண்டு வந்தேன். டப்பாவிலும் தொட்டியிலும் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. தினமும் வந்ததும் முதலில் ஃபிரிட்ஜைத் திறப்பேன். தயிருக்குப் பக்கத்திலிருந்து அது என்னைப் பார்க்கும். சொல்கிறேன், அதற்கு நான் கடைசி வரை பழகவில்லை.

“கறுப்புக்கு யாரு காலக் கடிச்சது?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“மஞ்சள். பசியில. பரவால்ல, ரெண்டு மாசத்துல முழுசா வந்துரும். எலும்பு, நரம்பு, எல்லாம்.” பிறகு அவனாகவே சொன்னான். “இதுங்க வளர்றதே இல்ல ஆன்ட்டி. தவளை மாதிரி மத்தது எல்லாம் பெருசானா தண்ணிய விட்டு மேல ஏறி வந்துரும். இதுங்க குட்டியா இருக்கிற மாதிரியே இருந்து, அப்படியே வயசாகிரும்.”

அதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். புத்திமதி நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். “இன்னிக்கி பதினாறு காட்டுது, சரியா?” என்றேன்.

“சரி” என்றான். சந்தோஷமாகச் சொன்ன மாதிரி இருந்தது.

பத்தாம் நாள் வீட்டில் வைத்த கோழிக் குழம்பையும் சோற்றையும் ஒரு தட்டில் மூடி, மூன்றாவது படியில் வைத்துவிட்டு வந்தேன். அக்கா ஃபிரீசர் நிறைய டப்பா டப்பாவாகச் சமைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார் என்பது அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. மறுநாள் அதே படியில் தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மாவோடு பேசி மாதக்கணக்காகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தான், கிளம்புகிற சமயத்தில் அதைக் கேட்டுவிட்டேன்.

“அம்மாகிட்ட ஏம்ப்பா பேசறதில்ல?”

 நான் கதவு வரை வந்து செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான் பதில் வந்தது.

“அவங்க கதவு பக்கத்துல வந்தா அழறாங்க. நீங்க தண்ணி எவ்ளோ சூடுன்னு கேக்கறீங்க.”

பன்னிரண்டாம் நாள் வெள்ளையை எடுத்துத் தொட்டியில் விட்டோம். விட்டோம் என்று எழுதுகிறேன், விட்டது நான் மட்டும்தான். டப்பாவைத் தொட்டிக்குள் மெல்லச் சாய்க்கச் சொன்னான். அது ஒரு நிமிடம் அடியிலேயே கிடந்தது. பிறகு குழாய்த் துண்டை நோக்கி நடந்து போனது.

“நடக்குதா?” என்று மேலிருந்து கேட்டான்.

“நடக்குது.”

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வந்து சேர்ந்துவிட்டார் என்று தெரிந்ததும் சாவியைக் கொடுக்கப் போனேன். முகம் வெயிலில் கறுத்திருந்தது. திருநீறு, பிரசாதம், எனக்கு ஒரு சேலை, எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். “எல்லாம் நல்லா சாப்பிட்டுச்சா?” என்று கேட்டார். சாப்பிட்டது என்றேன். நான் அப்படியே திரும்பி வந்துவிடுவதாகத்தான் இருந்தேன். அவர்கள் மறைத்து வைத்ததை நான் தொட வேண்டாம் என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். ஆனால் அக்கா தொட்டியைப் பார்க்கப் போனார். டீ நிறத் தண்ணீரில் இரண்டு சருகுகள் இன்னும் கிடந்தன.

“இது கெதாப்பாங் இலையாச்சே. யாரு போடச் சொன்னா?”

நெட்டில் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்குப் பொய் வரவில்லை.

“தம்பி சொன்னுச்சுக்கா.”

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார், வாசலில் நின்ற காடியில் வைப்பதற்கு ஒன்றுமே இல்லாதபோதும்.

“பேசுனானா?” என்றார். குரலைத் தாழ்த்தி, மேலே கேட்டுவிடாதபடி.

“ம்.”

“கதவத் தொறந்தானா?”

“இல்லக்கா. உள்ள இருந்துதான்.”

“எவ்ளோ பேசுனான்?”

  நான் பதில் சொல்வதற்குள் அக்காவே சொல்ல ஆரம்பித்தார். நான் அங்கே குடிவருவதற்கு முன், மகனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் தாமானில் பந்தல் போட்டு விருந்து வைத்தார்களாம். எல்லாரும் மாலை போட்டு பஸ் ஏற்றிவிட்டார்களாம். ஜொகூர் பாரு வரை போனவன் சிங்கப்பூருக்குப் போகிற பாலத்தைத் தாண்டாமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டான். ஒரு வாரம் மேலே இருக்கட்டும், மனசு சரியானதும் போவான், அதற்குள் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தார்களாம். ஒரு வாரம் ஒரு மாதமானது. பிறகு என்னவென்று வெளியே சொல்வது? முதலில் பேசிக்கொண்டுதான் இருந்தான். போகப் போக அதுவும் நின்றது. எல்லாரும் தூங்கிய பிறகு இறங்கி வந்து இந்த மூன்றையும் பார்த்துவிட்டுப் போவான், அவ்வளவுதான்.

“ஒன்ன தெனமும் வரச் சொன்னது இதுங்களுக்கா? இதுங்கள அவன் பாத்துக்குவான். கோயிலுக்கு நேர்ந்துகிட்டேன், போயே ஆகணும். பதினாலு நாள்ல அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, வீட்டுல நாத்தம் வந்தா, யாராச்சும் ஒரு ஆளுக்குத் தெரியணும்ல?”

நான் தினமும் “வந்துட்டேன்” என்று சொன்னது எதற்காக என்று அப்போது விளங்கியது.  எட்டு நாள் நான் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போய் வந்திருக்கிறேன், எதை முகர்வதற்காக அனுப்பப்பட்டேன் என்று தெரியாமலே.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் கோபம் அக்காவுக்குத்தான் வந்தது.

“நான் பெத்தவ. அந்தக் கதவுக்கு முன்னால சோத்த வச்சிக்கிட்டு எத்தன நாள் கெஞ்சியிருக்கேன் தெரியுமா? ஒரு வார்த்த இல்ல. பதினோரு மாசம். நீ எங்கேர்ந்தோ வந்தவ, ஒன்கிட்ட இலையப் பத்திப் பேசுறானா?” எழுந்து சாவியை என் கையிலிருந்து பிடுங்கினார். “நீ போ. வெளிய யார்கிட்டயாச்சும் சொன்ன…”

“சொல்ல மாட்டேன்க்கா.”

சேலையை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். திங்கட்கிழமை பஸ்ஸில் அக்கா முன் இருக்கைக்கு மாறிவிட்டார். லைனிலும் சூப்பர்வைசரிடம் கேட்டு வேறு மேசைக்குப் போனார். ஏழு மாதம் நாங்கள் பேசவில்லை. சண்டை என்னவென்று கேட்டவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, என் கணவரைத் தவிர. அவர் அடுத்த நாளே வீடு மாறலாமா என்றார். நான் வேண்டாம் என்றேன். மாலையில் நடக்கப் போனால் கால் தானாகக் கடைசி வரிசைக்குப் போகும். மாடி ஜன்னலைப் பார்ப்பேன். திரை மூடியே இருக்கும். அந்தப் பையனை நான் இன்று வரை நேரில் பார்த்ததில்லை.

இந்த வருடம், ஒரு ஞாயிறு காலை, துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா என் கேட்டுக்கு வெளியே நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தலை கூட வாரவில்லை.

“நேத்து மத்தியானம் கீழ எறங்கி வந்தான்” என்றார். “மேசையில ஒக்காந்து சாப்பிட்டான்.”

“பேசுச்சா?”

“இல்ல. பேசல. நானும் பேசல. அழுகையா வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். சாப்பிட்டான், தட்டக் கழுவி வச்சான், ஏறிப் போயிட்டான்.”

 ஈரச் சட்டை கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“என்ன சமைச்சீங்க?” என்று கேட்டேன்.

“நெத்திலி சம்பல். கொஞ்சம் கங்கோங் கீரை பெரட்டுனேன்.” கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா சொல்லத் தொடங்கினார், நெத்திலியை எங்கே வாங்கினார், எத்தனை மிளகாய் அரைத்தார், உப்பு ஒரு கல் கூடிப்போய்விட்டது என்று. உள்ளே வாங்க என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. இருவரும் கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, வெயில் ஏறும் வரை நின்றுகொண்டிருந்தோம்.